ஈரம் காயாத ஹேண்டில்பார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அவள் பல் டாக்டர். ஊசி போடும்போது எல்லா டாக்டரும் "வலிக்காது" என்பார்கள். அவள், "வலிக்கும், பொறுத்துக்குங்க" என்பாள். இது அவளுக்கு நடந்தது. அவள் சொல்லிக் கேட்டது பாதி, நானே கண்ணால் பார்த்தது மீதி. சுடுகாட்டுப் பக்கம் நடக்கவில்லை. நடுராத்திரியும் இல்லை. பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், தார்ச்சாலையில் நடந்தது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்கு அருவருப்பு என்பதே கிடையாது. இருபது வருடமாக அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டுப் பிழைப்பவள். சீழ் வடிகிற ஈறைச் சுத்தம் செய்துவிட்டு, வந்த கையோடு சாப்பிட உட்காருவாள். "வாய்னா நாறத்தான் செய்யும். அது என்ன பூக்கடையா?" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு கிடந்தாள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் அத்தானின் தம்பியால் வந்த வினை. ஆள் சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி இருப்பான். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் கம்பிதான். சைக்கிள்களை ஓட்டிப் பார்த்து வீடியோ போடுவது அவன் தொழில். அக்காவிடமும் ஒரு ரேஸ் சைக்கிள் இருந்தது. புதுசு, கார்பன். இரண்டு விரலால் தூக்கிவிடலாம். கியர் மாற்ற விரல் நுனியால் ஒரு பட்டனைத் தொட்டால் போதும்.

ஒரு நாள் கம்பி ஒரு பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளோடு வந்து நின்றான். ஐம்பது வருடத்துப் பழசு. ஒல்லியான குழாய்கள், தோல் சீட்டு, ஹேண்டில்பாரில் அந்தக் காலத்து முறையில் வெள்ளைப் பருத்தித் துணி நாடா சுற்றியிருந்தது. பெயின்ட் அடித்து, துடைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஒரு அம்மா சும்மாவே குடுத்தாங்க அண்ணி. எடுத்துட்டுப் போனா போதும்னாங்க."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. ஆனா எனக்கு அதுதானே தொழில்" என்று அக்கா சிரித்தாள்.

கம்பியின் திட்டம் இதுதான். பழசா, புதுசா, எது உசத்தி? ஒரே மலைச்சாலை, ஒரே ஆள், ஒரே காலை. முதலில் கார்பன், பிறகு ஸ்டீல். அவன் ஸ்கூட்டரில் பின்னால் வந்து படம் பிடிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கார்பனில் ஏறினாள். சைக்கிள் பறந்தது. ஆனால் சாலையில் இருந்த ஒவ்வொரு பொடிக்கல்லும் எலும்புக்குள் வந்து தட்டியது. உச்சிக்குப் போக முப்பத்தோரு நிமிடம். இறங்கி வந்து, அரை பாட்டில் தண்ணீர் குடித்து, கால்மணி நேரம் உட்கார்ந்தாள். பிறகு ஸ்டீல் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"இது ஏன்டா ஈரமா இருக்கு?"

"பனியா இருக்கும் அண்ணி."

"வெயில் கொளுத்துது. பனியாம்!"

துண்டால் அழுத்தித் துடைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். பெடலில் இருந்த கூண்டுக்குள் பாதத்தை நுழைத்து, தோல் வாரை இழுத்து இறுக்கினாள். புது சைக்கிளில் குதிகாலைத் திருப்பினால் கால் கழன்றுவிடும். இதில் குனிந்து, கையால் வாரைத் தளர்த்தினால்தான் கால் வெளியே வரும்.

முதல் இரண்டு வளைவு சுகமாகத்தான் இருந்தது. கனமான சைக்கிள்தான். ஆனால் ஸ்டீல் வளைந்து கொடுத்தது. கல்லும் குழியும் தெரியவே இல்லை. கியர் மாற்ற மட்டும் ஒரு கையை எடுத்துக் கீழே கொண்டுபோய், சாய்வுக் குழாயில் இருக்கும் சின்ன லிவரைத் தள்ள வேண்டும். "இதுவும் நல்லாத்தான்டா இருக்கு!" என்று திரும்பிக் கத்தினாள். அது வீடியோவிலும் பதிவானது.

மூன்றாவது வளைவில் நாற்றம் வந்தது.

அக்காவுக்குத் தெரிந்த நாற்றம். ஈறு அழுகிய வாய். பல நாள் தேய்க்காத, காய்ந்துபோன, திறந்தே கிடக்கிற வாய். யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விடுகிற மாதிரி வந்தது. சாலையில் ஒருவருமில்லை. கம்பி நாற்பதடி பின்னால் வந்துகொண்டிருந்தான்.

உள்ளங்கை வழுக்கியது. பார்த்தாள். துணி மறுபடி நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துக் கையை எடுத்தாள்.

விரலோடு சேர்ந்து நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

எச்சில்.

வெதுவெதுப்பாக இருந்தது...

அப்போதுதான் சத்தம் கேட்டது. ச்ச்ர்ர்... ச்ச்ர்ர்... க்ளினிக்கில் நோயாளியின் வாயோரம் மாட்டிவிடுவார்களே, எச்சில் உறிஞ்சும் குழாய், அதே சத்தம். அவளுடைய இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்து வந்தது.

நிறுத்தலாம் என்று வாரைத் தளர்த்தக் குனிந்தாள். வார் அசையவில்லை.

தொண்டை வறண்டது. அப்படியொரு தாகத்தை அவள் அறிந்ததே இல்லை. பாட்டிலை எடுத்து வாயில் வைத்தாள். தண்ணீர் உதட்டில் பட்டதும் கக்கிவிட்டாள். அத்தனையும் வாந்தி.

தாகம் மட்டும் அடங்கவில்லை.

கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. அவள் மிதிக்கவில்லை.

ச்ச்ர்ர்...

அதற்குப் பிறகு அவளுக்கு நினைவில்லை.

"அண்ணி! அண்ணி!"

கம்பியின் குரல்தான் அவளை எழுப்பியது. வாய் நிறைய உப்பும் புளிப்பும், பழைய துணியின் ருசி. மலை உச்சிக்குப் பக்கத்தில், வடிகால் ஓரமாகச் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. கால்கள் இன்னும் வாருக்குள்ளேயே இருந்தன. அவள் அதன்மேல் கவிழ்ந்து, ஹேண்டில்பாரைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கம்பி தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்திருக்கிறான். இருபத்தாறே நிமிடத்தில் ஏறியிருந்தாள். கார்பனைவிட ஐந்து நிமிடம் குறைவு.

அந்த வீடியோவைக் கம்பி ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். கடைசி இரண்டு வளைவும் அக்கா முகத்தைத் தூக்கவே இல்லை. உடனே அழித்துவிட்டான். சைக்கிளை அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் போட்டுவிட்டுப் போனான்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவின் பல் இடுக்குகளில் பஞ்சு நூல் சிக்கியிருந்தது. அவளே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். நான் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்க வந்தது. நாற்றம் தாங்காமல் நான் இரண்டு முறை எழுந்து வெளியே போனேன். அவள் அழவில்லை. "இது என் வாய் நாத்தம் இல்லடி" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு அவளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. மோர், ஜூஸ், கஞ்சித் தண்ணி, எதைக் கொடுத்தாலும் அடுத்த நொடி வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள், இரண்டு நாளில் திரும்பப் போனோம், மறுபடி ஏற்றினார்கள். க்ளினிக்கைப் பூட்டியாகிவிட்டது. "மனசுதான் காரணம்" என்றார் அத்தான். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, அக்கா என் கண்முன்னே காய்ந்துகொண்டிருந்தாள்.

இதில் ஒன்று மட்டும் புரியவில்லை. சில நாள் சாயங்காலம் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருக்கும்.

ஒரு மத்தியானம் அவள் படுக்கையில் இல்லை. தேடினேன். கார் ஷெட்டுக்குள் சத்தம் கேட்டது.

ச்ச்ர்ர்... ச்ச்ர்ர்...

கதவைத் தள்ளினேன்.

அக்கா குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தண்ணீர் மக். அந்தச் சைக்கிளின் துணிமேல் ஊற்றினாள். வாயை வைத்தாள். சப்பினாள். மறுபடி ஊற்றினாள். தாடையிலிருந்து அழுக்குத் தண்ணீர் கழுத்து வழியாக ஒழுகியது. என்னைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

என் கூடப் பிறந்தவள். அவள் சாப்பிட்ட எச்சில் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் சொல்கிறேன்... அந்த நிமிடம் அவளைத் தொட எனக்குக் கை வரவில்லை. வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

மறுநாள் அவளே துணி நாடாவை உருவி எடுத்துக்கொண்டு, என்னையும் கம்பியையும் கூட்டிப்போய், பூட்டிக் கிடந்த க்ளினிக்கைத் திறக்கச் சொன்னாள். பெரிய விளக்கின் கீழே விரித்துப் பார்த்தாள். பேச்சு டாக்டர் பேச்சாகவே இருந்தது.

"இந்தக் கடி என்னோடது. இது என்னோடது இல்ல. பெரிய தாடை, ஆம்பளை. வயசானவர், பல் தேஞ்சிருக்கு. மேல முன்பல் ரெண்டு இல்ல."

"யாரு அண்ணி?" என்றான் கம்பி.

"அதைத்தான் போய்க் கேக்கணும்."

மூன்று பேரும் சைக்கிள் கொடுத்த வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயதுப் பெண்மணி கதவைத் திறந்தார். அக்காவின் வெடித்த உதட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டார்.

"என் மாமனார் சைக்கிள் அது. ரேஸ் ஓட்டினவர். அறுபது வயசுலயும் தினம் மலை ஏறுவார். ஒரு நாள் உச்சிகிட்ட வடிகால்ல விழுந்துட்டார். ரெண்டு கையும் ஒடிஞ்சு போச்சு. கால் வார்ல மாட்டிக்கிச்சு. சைக்கிள் அவர் மேல கிடந்துச்சு. ரெண்டு ராத்திரி அப்படியே."

"ரெண்டு ராத்திரி எப்படி...?" என்றேன்.

"ஹேண்டில்பார்ல துணி சுத்தியிருக்கும்ல. ராத்திரி அதுல பனி இறங்கும். வாய்க்கு எட்டினது அது ஒண்ணுதான். சப்பியே உயிரோட இருந்திருக்கார்."

"முன்பல்?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டும் விழுந்தப்பவே போச்சு."

"காப்பாத்திட்டாங்களா?"

"காப்பாத்தினாங்க. அதுதான் கொடுமை." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். டம்ளர்ல குடுத்தா இறங்காது. ஸ்பூன்ல குடுத்தா கக்கிடுவார். அந்தத் துணியில ஊத்தினா மட்டும்தான் குடிப்பார். கட்டில் பக்கத்துல சைக்கிள் நிக்கும். நான்தான் ஊத்துவேன். துணியை மாத்தவும் விடமாட்டார். யாராவது வீட்டுக்கு வந்தா அந்த ரூம் கதவைச் சாத்திடுவேன். அந்த நாத்தம்... குளிச்சாலும் என் கையை விட்டுப் போகாது."

அக்கா மெல்லக் கேட்டாள். "அந்த ஹேண்டில்பாரோட ஏம்மா சைக்கிளை எங்களுக்குக் குடுத்தீங்க?"

அந்தப் பெண்மணி நிமிர்ந்தார். "நான் எங்கம்மா குடுத்தேன்? அந்த ஹேண்டில்பாரை அவரோடயே புதைச்சாச்சு. துணியோட கழட்டி, நானே குழிக்குள்ள வச்சேன். தம்பிக்குக் குடுத்தது வெறும் வண்டிதானே?"

நாங்கள் கம்பியைப் பார்த்தோம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆமா அண்ணி... ஹேண்டில்பார், துணி ரெண்டும் நான் வாங்கிப் போட்டது. பயத்துல சொல்லாம இருந்துட்டேன். ரெண்டுமே புதுசு."

அந்தப் பெண்மணி எழுந்து நின்றார். "கிளம்புங்க" என்றார். நாங்கள் படி இறங்குவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அன்று சாயங்காலமே கம்பி துணியை எரித்தான். சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் போட்டான். "முதல் வேலையா இதை உருக்க அனுப்பிடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னான். கடைக்காரர் தலையாட்டினார்.

மறுநாள் காலை அக்கா சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். நின்று பார்த்தாள். இன்னொன்று குடித்தாள். பிறகு குடத்தையே தூக்கிக் குடித்தாள். அத்தான் தேம்பித் தேம்பி அழுததை அன்றுதான் பார்த்தேன். அடுத்த வாரம் க்ளினிக்கைத் திறந்தாள். கார்பன் சைக்கிளிலும் போய்வர ஆரம்பித்தாள், மலைப்பக்கம் மட்டும் போவதில்லை. விட்டது சனி என்று இருந்தோம்.

பத்து நாள் கழித்துக் கம்பிக்கு ஒரு போன் வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். இரும்புக் கடைக்காரர். குரல் கரகரவென்று இருந்தது.

"தம்பி, அந்தச் சைக்கிள்ல என்ன தடவி வச்சிருந்தீங்க?"

"ஏன்? அதை உருக்கலையா?"

"அழகா இருந்துச்சுன்னு கடை வாசல்ல மாட்டி வச்சேன். அன்னையிலேர்ந்து என் கடை நாய் சட்டியில தண்ணி குடிக்கலை. அந்த ஹேண்டில்பாரையே நக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. வெறும் உலோகம்தான் தம்பி. ஆனா தொடச்சாலும் ஈரம் காயலை..."

"முதல்ல நாயை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!"

அந்தப் பக்கம் காய்ந்த தொண்டை எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது செத்து ரெண்டு நாளாச்சு தம்பி. நான் கேக்கறது எனக்காக."