அப்பா பக்கத்து மாமி

மமோகிராம் இயந்திரத்தில் மார்பை வைத்து நசுக்கிய வலி வீடு வருமுன்னமே போய்விட்டது. கிளினிக் வாங்குப் பலகையில் காத்துக் கிடந்த அலுப்புத்தான் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. முடிவு கேட்கப் போன நாளும் அப்படித்தான். குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே பட்டணம் வந்து, மறுபடி அதே வாங்கு. வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேளாமல் அம்மாவும் கூட வந்திருந்தார். சும்மா இருப்பாரா? பக்கத்தில் இருந்தவர்களின் நோய் வருத்தமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகளின் இரைச்சலே தேவலை என்று பட்டது.

டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்து இளம்பெண். படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“கட்டி ஒண்டும் தெரியேல்லை, டீச்சர். ஆனா உங்களுக்கு மார்பு அடர்த்தி கூட. அடர்த்தியும் படத்தில வெள்ளை, கட்டியும் வெள்ளை. பால்சோத்துக்குள்ள தேங்காய்ப்பூத் தேடுற மாதிரித்தான்.”

“அப்ப இருந்தாலும் தெரியாதா?”

“சிலவேளை தெரியாது. அதோட, அடர்த்தி கூடின ஆக்களுக்குப் புற்றுநோய் வாற சாத்தியமும் கொஞ்சம் கூட. கட்டாயம் வரும் எண்டு இல்லை. மற்ற விசயங்களையும் சேர்த்துப் பாக்கவேணும். குடும்பத்தில ஆருக்கும் வந்ததோ?”

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்.

“எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல டொக்டர். என்ட அம்மாக்கு இல்ல, அக்காமாருக்கு இல்ல, எனக்கும் இல்ல.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் பக்கம் குடி என்பது தாய்வழி வரும் குலம். பிள்ளை தாயின் குடி, வீடும் மகளுக்கு. அப்பாவும் அவர் கூடப்பிறந்தவர்களும் வேறு குடி. கல்யாணம், கோயில் காரியம் எல்லாவற்றிலும் அப்படியே எண்ணிப் பழகியவர்கள், நோயை மட்டும் வேறு விதமாகவா எண்ணுவோம்? வீட்டுக்குப் போனால் போதும் என்று எழும்பிவிட்டேன்.

“தகப்பன் பக்கம்?” என்று டொக்டர் கேட்டார்.

“அவங்க வேற குடி. அது இவளுக்கு எப்பிடி வரும்?” என்றார் அம்மா, சிரித்துக்கொண்டு.

எனக்கு மாமி ஞாபகம் வந்தார். அப்பாவின் தங்கை. புற்றுநோய் என்று ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். சட்டைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு எங்களுக்கு மீன் ஆய்ந்து தந்தவர். என் இப்போதைய வயதுகூட ஆகவில்லை, போய்விட்டார். பாவி மனுசி, எவ்வளவு வலித்திருக்கும்! நான் சொல்லச் சொல்ல டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“அதுவும் கணக்குத்தான் டீச்சர். தாய் பக்கம் மாதிரித்தான் தகப்பன் பக்கமும். இண்டைக்கே ஸ்கேன் எடுப்பம்.”

மறுபடி வரிசை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் இனி வருசா வருசம் படமும் ஸ்கேனும் எடுக்க வேண்டுமாம். உயிர் உள்ளவரை இந்த வாங்குதானா என்று சலித்துப்போனது.

“செத்தவளை ஏன் புள்ள இப்ப இழுத்த?” என்று பஸ்ஸில் அம்மா முறுகினார். பிறகு வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் சரிந்தேன். கண் மூடவில்லை. என் தம்பி வந்தாறுமூலைப் பக்கம் கல்யாணம் முடித்து, மனைவி வீட்டோடு இருக்கிறான். அவனுக்கு ஒரே மகள், கம்பஸில் படிக்கிறாள். எனக்கு அந்த மாமி எப்படியோ, அவளுக்கு நான் அப்படி. அப்பா பக்கத்து மாமி, வேறு குடி. போனை எடுத்தேன்.

தம்பி மனைவி எல்லாம் கேட்டுவிட்டு, “எங்கட புள்ளைக்கு என்ன மச்சாள்? அவள் எங்கட குடியெல்லோ?” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “குடிய விடுங்க மச்சாள். போனை அவளிட்டக் குடுங்க.”

அவளுக்கும் முதலிலிருந்து சொன்னேன். போனில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“மாமி, எனக்கு இடப்பக்கம் ஒரு கட்டி மாதிரி இரிக்கு. அம்மாக்குத் தெரியா. ஒரு டொக்டரிட்டக் காட்டினன். குடும்பத்தில ஆருக்கும் இருந்ததா எண்டு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“ஒருத்தருக்கும் இல்லையெண்டு. அப்ப கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டார்.”

அவள் அழத் தொடங்கிவிட்டாள். “ஒண்டும் இரிக்காது மகள். உன்ட வயசில கனபேருக்கு வாறதுதான். ஆனா பொறுக்க ஏலா. காலம்பற வெளிக்கிட்டு நில்லு, நான் வாறன். இந்தமுறை கேட்டா நான் சொல்லுறன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அம்மா நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. அவருக்கு அவள் மகன் வயிற்றுப் பேத்தி. கையில் கொண்டுவந்த தேத்தண்ணி சேலையில் ஊற்றுண்டதுகூடத் தெரியாமல் நின்றார்.

“நானும் வாறன்” என்றார்.

வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.