விண் கூவாத மூன்று பட்டங்கள்

அன்று பின்னேரம் பட்டத்தின் விண் சத்தம் திடீரென்று நின்றபோது, என் மகன் அந்தோனி நடுக்கடலில் இருந்தான்.

சகோதரங்களே, சமாதான ஒப்பந்தம் வந்ததற்கு அடுத்த தை மாதம் அது. நெடுந்தீவில் எங்கள் மீனவர் சங்கத்திற்கு அனுமதியோடு கரையில் ஒரு வயர்லெசும் படகுகளுக்குச் சின்ன வயர்லெசுகளும் கிடைத்திருந்தன. மாரிக் காற்றில் கரை வயர்லெசின் ஏரியல் கம்பம் முறிந்தது. புதிது வர மாதக்கணக்காகும் என்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனாலும் இந்தக் கை திருத்தாத எஞ்சின் தீவில் இல்லை. பழைய மோட்டரின் செப்புக் கம்பியை உருவி, பெரிய எட்டுமூலைப் பட்டமொன்றில் கட்டி, வாடைக்காற்றில் ஏற்றினேன். கம்பம் இருந்தபோது கேட்காத தூரமெல்லாம் கேட்டது. படித்தவர்களும் வந்து பார்த்தார்கள்.

பட்டத்தின் தலையில் விண் என்கிற, நார் பூட்டிய வில்லைக் கட்டியிருந்தேன். காற்றுப் பட்டால் கூவும். அந்தச் சத்தம் இருக்கும்வரை வயர்லெசும் உயிரோடு இருக்கிறது என்று குசினியில் நிற்கும் பெண்களுக்கும் தெரியும். இன்றைக்கும் வாடை தொடங்கினால் என் காது அதைத் தேடும்.

பொங்கலுக்குச் சின்னப் பட்டங்கள் கட்டி விற்கும் அயல்வீட்டுத் திரேசா ஒருநாள் கேட்டாள்: "அண்ணை, ஒண்டை மட்டும் நம்பி இருக்கிறியள். அறுந்தா? என்ரையிலும் ரண்டை ஏத்துங்கோவன்."

"உம்மடை கடதாசித் துண்டு கம்பியைத் தூக்குமோ? வெயிலுக்குப் பிடிக்கத்தான் நல்லம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதற்கு அடுத்த கிழமைதான் வயர்லெசில் மகனின் குரல் வந்தது. "அப்பா, எஞ்சின் நிண்டிட்டுது. வாடை வெளியாலை இழுக்குது. நான் நிக்கிறது..."

அந்த இடத்தில் பட்டத்தின் நூல் அறுந்தது. பட்டமும் கம்பியும் கடலில் விழுந்தன. படகுகள் தயாராக நின்றன. எந்தப் பக்கம் போவது? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மணலில் முழங்காலில் விழுந்தேன். "அந்தோனியாரே, உம்மடை பேரைத்தான் அவனுக்கு வைச்சனான். என்ரை கெட்டித்தனம் எனக்கு வேண்டாம். பிள்ளையைத் தாரும். சனத்துக்கு முன்னாலை உண்மையைச் சொல்லுறன்."

எழும்பியபோது திரேசா பக்கத்தில் நின்றாள். கையில் விற்காமல் மிஞ்சிய, விண் கட்டாத மூன்று பட்டங்கள்.

"அழுதது காணும் அண்ணை. மிச்சக் கம்பி எங்கை?"

"தூக்குமோ, தங்கச்சி?"

"பின்னை, வெயிலுக்குப் பிடிக்கவோ கொண்டு வந்தனான்?"

மூன்று பட்டம், மூன்று நூல், மூன்று பேர் பிடித்தார்கள். மூன்றும் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்கின. சற்று நேரத்தில் ஒன்று குத்துக்கரணம் அடித்து விழுந்தது. கம்பி தொய்ந்தது. என் உயிரும் தொய்ந்தது. ஆனால் மற்ற இரண்டும் நின்றன.

குரல் வந்தது. மகனுடையது அல்ல. வெளிக்கடலில் நின்ற ஒரு புங்குடுதீவுப் படகுக்காரர். "நெடுந்தீவு, கேக்குதோ? உங்கடை பொடியன்ரை பற்றரி இறங்கிப் போச்சு. எனக்குத்தான் மெல்லமாக் கேக்குது. வெளிச்சவீடு தனக்கு வடகிழக்கிலை தெரியுதாம்."

அது போதுமாயிருந்தது. எங்கள் படகுகள் தென்மேற்கே ஓடின; இருட்டுவதற்குள் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் இறங்கிய மகன் என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "வயர்லெசிலை பின்னாலை கேக்கிற விண் சத்தம் கேக்கேல்லை அப்பா. கரையிலை ஒருத்தரும் இல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

அதன் பிறகு ஒற்றைப் பட்டத்தை நான் ஏற்றியதே இல்லை. எப்போதும் மூன்று, மூன்று வீட்டுப் பட்டம். திரும்பவும் சண்டை வந்தது. வயர்லெசும் போனது. அந்தப் பின்னேரங்களும் போயின. மகன் இருக்கிறான்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, கேளுங்கள், அவர் தருவார். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நிற்பது யார் என்றும் பாருங்கள். நான் சிரித்து அனுப்பிய கையில்தான் எனக்குரியதை அவர் கொடுத்துவிட்டார். சனத்துக்கு முன்னால் சொல்கிறேன் என்று நேர்ந்ததை இன்று சொல்லி முடிக்கிறேன்: என் பிள்ளையைக் கரைசேர்த்த பட்டங்கள் திரேசா கட்டியவை.