உப்புத் தின்ற இஞ்சின்

கார் இஞ்சினின் ஒயில் மூடியைத் திறந்தபோது அதன் உட்புறத்தில் ஆறிப்போன பால் தேநீரின் ஆடைபோல ஒன்று ஒட்டியிருந்தது. ஒயிலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் இஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். நானே கழற்றினால் என்ன என்று தோன்றியது அந்தக் கணத்தில்தான். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வராத மாதங்கள். எங்கள் தீவுக் கிராமமான கரம்பொன்னில் எனக்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

அப்பா எங்கள் சின்னக் காரை மனத்தளவில் விற்றுவிட்டிருந்தார். யாழ்ப்பாணம் போகிற வழியில் பண்ணைப் பாலத்தில் இரண்டுமுறை அது ஆவி கக்கி நின்றதோடு அவருக்கு வெறுத்துப்போயிற்று. சனிக்கிழமை பழைய இரும்பு எடுக்கிறவர் வருவதாக இருந்தது.

"அதுக்குள்ள ஓடினால் விக்கமாட்டீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"ஓடுற காரை ஆர் பிள்ளை இரும்புக்குப் போடுறது? நீ கழட்டிப்போடுவாய். பிறகு ஆர் பூட்டுறது?"

"நான்தான்."

"ஓமோம்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். கையில் ஆறு நாட்கள் இருந்தன.

வேப்பமரத்தின் கீழ் வேலை தொடங்கியது. பெல்ற் ஓடும் சில்லுகள் எந்த நிலையில் நின்றன என்று சிவப்பு நகப்பூச்சால் அடையாளமிட்டேன். பிஸ்கற் பெட்டி அட்டையில் துளையிட்டு, ஹெட்டின் போல்ற்றுகளை அவை இருந்த வரிசையிலேயே குத்தி வைத்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் ஹெட் கையோடு வந்தது.

அடியில் திருப்பினால் தண்ணீர் ஓடும் துவாரங்களில் வெள்ளைப் படை. சுற்றியிருந்த அலுமினியம் அரித்துப் போயிருந்தது. அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு!

எங்கள் கிணறு உவர். குடிக்கிற நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். அம்மா அதைக் குசினியில் நீலக் கான்களில் மூடிவைத்துக் காவல் காப்பார். அதைக் காருக்கு ஊற்றுவது எங்கள் தீவில் எவருக்கும் தோன்றாது. எனவே அப்பா தினமும் காலையில் கடமை தவறாமல் றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"அப்பா, காரை நீங்கள்தான் கொன்றிருக்கிறியள்."

"நானோ? ஒருநாள் எண்டாலும் தண்ணி விடாமல் எடுத்தனானோ?"

"அதைத்தான் சொல்லுறன்."

பழைய ஹெட் இனி உதவாது. யாழ்ப்பாணத்தில் பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் அதே வகை ஹெட் கிடைத்தது. லேத் பட்டறையில் கொடுத்து அதன் அடிமுகத்தைச் சமப்படுத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

"தங்கச்சி, உதுக்கு அரை ரிக்கற் போடட்டோ?" என்றார் கொண்டக்டர்.

"மடியில இருக்கிற பிள்ளைக்கு ரிக்கற் இல்லை அண்ணை."

வெள்ளிக்கிழமை இடையில் தண்ணீர் கசியாதபடி புதிய கஸ்கற் தகடு வைத்து ஹெட்டைப் பூட்டினேன். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகு இஞ்சின் திருத்தும் அண்ணை, இறுக்கத்தை அளந்து காட்டும் சாவியை இரவல் தந்திருந்தார். போல்ற்றுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் இறுக்கினேன். கடைசிச் சுற்றில் காலைப் பம்பரில் ஊன்றித்தான் இழுக்க முடிந்தது.

சனி காலை, புது ஒயில் விட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன். அம்மா கான்களுக்கு முன்னால் நின்றார்.

"குடிக்கிற தண்ணியையோ? கேக்கிற சனம் சிரிக்கும்."

"ஒரு கான் காணும் அம்மா. உவர்த் தண்ணி விட்டால் இதுவும் அரிச்சுப்போம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் இரும்புக்காரரின் லொறி ஹோர்ன் அடித்தது. குசினிக் கதவடியில் நின்ற அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து ஒரு கானைத் தூக்கினார். "ரெண்டு நாளைக்கு எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்" என்றபடி வெளியே நடந்தார்.

அந்தத் தண்ணீரை றேடியேற்றருக்கு விட்டுவிட்டுக் காரின் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் இருமியது, எடுக்கவில்லை.

"ஐயா, கயிறு கொண்டந்தனான்" என்றார் இரும்புக்காரர்.

பொனற்றுக்குள் மறுபடி குனிந்து பார்த்தேன். இரண்டு பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தன. மாற்றிக் குத்தினேன். இம்முறை திருப்பியவுடனேயே பிடித்துக்கொண்டது. கால்மணி நேரம் ஓடவிட்டேன். சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. ஆவி இல்லை.

இரும்புக்காரர் காதைச் சரித்து இஞ்சினைக் கேட்டார். "எந்தக் கராச்சில ஐயா செய்வித்தது?"

"இஞ்சதான் நிக்கிறா, கேளும்" என்றார் அப்பா. அடுத்த வளவுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். நான் கையிலிருந்த ஒயிலைத் துடைக்காமலே நின்றேன்.

வெறுங்கயிறோடு இரும்புக்காரர் லொறியைக் கிளப்பியபோது கரும்புகை வந்தது. உள்ளே ஏதோ தட்டும் சத்தமும் கேட்டது. என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணை, வாற சனிக்கிழமை உதைக் கொண்டாங்கோ, பாப்பம்."

அவர் சிரித்தார். ஆனால் தலையாட்டினார். டீசல் இஞ்சினின் ஹெட்டை நான் இதுவரை கழற்றியதில்லை. போல்ற் குத்த இன்னும் பெரிய அட்டையாகத் தேடி வைத்திருக்கிறேன்.