கன்றுக்குட்டியின் தாடையில் கண்மை

என் மனைவிக்கு என்ன வேலை என்று விருத்தாசலத்தில் யாராவது கேட்டால், "காலேஜ் வாத்தியாரு, டெல்லியில இருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முழுசாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரிப்படவில்லை. வரலாற்று ஆய்வாளர், வெளிநாட்டு விவகாரங்களில் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிறவர் என்றால், கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை சுடுகிறவன் பெண்டாட்டிக்கு அங்கே என்ன வேலை என்பது அந்தப் பார்வையின் பொருள். நியாயமான கேள்விதான். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

கல்யாணமான புதிதில் அவள் இங்கே பக்கத்துக் கல்லூரியில்தான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தாள். லீவு விட்டால் மற்ற டீச்சர்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள். இவள் சென்னைக்குப் பஸ் ஏறி, பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தக் காலத்து ராஜாக்கள் கடல் தாண்டி ஒருத்தருக்கொருத்தர் என்ன பரிசு அனுப்பினார்கள், வாங்கினவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான், அதனால் எந்த உடன்படிக்கை நின்றது, எது முறிந்தது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. "யானையை அனுப்புனா சண்டை நின்னுடுமா?" என்று சீண்டுவேன். "தீனி போட வக்கில்லாத ராஜாவுக்கு அனுப்புனா புதுசா சண்டை வரும்" என்று ஒரே போடாகப் போடுவாள். அதிலேயே பட்டம் வாங்கினாள், புத்தகம் எழுதினாள், டெல்லியில் பல்கலைக்கழக வேலை வந்தது. சூளையை விட்டு நான் நகர முடியாது. போகாதே என்று அவளிடம் சொல்லவும் மனசு வரவில்லை. அங்கே அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டுப் பேச, கடைசியில் ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள்.

எனக்குத் தலைவலி ஆரம்பித்தது அன்றைக்குத்தான். வாத்தியாராக இருந்தவரை போனில் எல்லாக் கதையும் சொல்வாள். ஆலோசகர் ஆனதும் வாயே திறப்பதில்லை. "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றால் "மீட்டிங்கு" என்பாள். "யாரோட?" என்றால் "வந்தவங்களோட" என்பாள். எனக்கு மண்டை காய்ந்துவிடும். பேப்பரில் தலைவர்கள் கைகுலுக்கும் படம் வந்தால், பின்னால் எங்காவது அவள் புடவைத் தலைப்பு தெரிகிறதா என்று கண்ணாடியைக் கழற்றி மாட்டித் தேடுவேன். பக்கத்து ஷெட்டில் கரன்ட் போர்டுக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற நண்பருக்கு என்னைவிட ஆர்வம். "புருசனுக்கே தெரியாத வேலையா? நல்லா இருக்குதே உங்க குடும்பம்" என்று டீக்கடையில் வைத்துக் கேட்பார்.

அப்படி இருக்கும்போதுதான், இந்த வருஷம் வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"நம்ம ஷெட்டுல இருந்து ஒரு பொம்மை வேணுங்க. வெளிநாட்டுல இருந்து ஒரு பெரியவரு பேச வராரு. என்ன பரிசு கொடுக்கலாம்னு என்னையக் கேட்டாங்க. எங்க ஊரு பீங்கான்னு சொல்லிட்டேன்."

"எந்த நாடு?"

"அது எதுக்கு உங்களுக்கு? சாமி பொம்மை வேணாம், மனுச உருவம் வேணாம். கைக்கு அடக்கமா இருக்கட்டும்." பிறகு, "இதோட என் பதவிக்காலம் முடியுதுங்க" என்றாள். "அந்த நாட்டோட பேசவே கூடாதுன்னு இங்க ஒரு கூட்டம். பேசித்தான் ஆவணும்னு நான். இந்தச் சுற்று நல்லபடியா போனா நீட்டிப்பாங்க. இல்லன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்துடுறேன்."

வந்துடுறேன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருஷமாக ஒற்றை ஆளாகச் சமைத்து, ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் நான். ஆனால் அவள் தோற்றுப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரயிலிலிருந்து இறங்குவதை நினைத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை. அவள் சொன்னது பலிக்கவும் வேண்டும், அவள் வீட்டுக்கு வரவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை.

பசுவும் கன்றும் செய்வது என்று முடிவு செய்தேன். புது அச்சு எடுத்து, களிமண் கரைசலை நானே ஊற்றினேன். நண்பர் வந்து பார்த்துவிட்டு, நாடு எது என்று கண்டுபிடித்தே தீர்வது என உட்கார்ந்துவிட்டார். "சாமி வேணாம், மனுசனும் வேணாமா? அப்ப தெற்க இருக்குறவங்க இல்ல" என்றார். மறுநாள் வந்து "வடக்கயும் இல்லைங்க, யோசிச்சுட்டேன்" என்றார். சூளை திறப்பதற்குள் பாதி உலகத்தைக் கழித்துக் கட்டியிருந்தார்.

சூளை திறந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பால் குடிக்கிற கன்று, திரும்பி அதை நக்குகிற பசு, மேலே ஒரு கீறல் இல்லாத வெள்ளை. எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை சூளையில் சுடும்போதும் நன்றாக வந்த உருப்படிக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று கண்மையால் ஒரு பொட்டு வைப்போம். ஜன்னலில் கண்மை டப்பா எப்போதும் இருக்கும். எங்களிடம் வாங்குகிற கடைக்காரர்களுக்கு இது தெரியும், துடைத்துவிட்டு விற்பார்கள். அன்றைக்கும் கை தன்னால் போய்க் கன்றின் தாடைக்கடியில் பொட்டு வைத்தது. அவளுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் அனுப்பிய ஆள் வந்து பொம்மையைப் பெட்டியில் வைத்து வாங்கிப் போனார்.

பேச்சுவார்த்தை நாளன்று காலையில் போன்.

"கன்னுக்குட்டி தாடையில என்னத்த வச்சீங்க?" அவள் குரலே சரியில்லை.

"கண்மை. வழக்கமா வைக்கிறதுதான்."

"கடவுளே" என்றாள். அதோடு போன் அணைந்துவிட்டது.

நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஷெட்டில் வேலை ஓடவில்லை. என்ன ஆனதென்று தெரிந்துகொள்ள உயிர் துடித்தது, தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது. சாயங்காலம் "முடிந்தது. நேரில் சொல்கிறேன்" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. நல்லபடியாக முடிந்ததா, கெட்டு முடிந்ததா? இந்த ஆலோசகர்களுக்குத் தெளிவாக ஒரு வாக்கியம் எழுத வராதா என்று திட்டித் தீர்த்தேன்.

மறுவாரம் வந்தாள். கையில் சின்னப் பைதான் இருந்தது. பெட்டியைக் கட்டவில்லை என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

வந்த பெரியவரின் காவலர்கள் பரிசைச் சோதித்திருக்கிறார்கள். வெள்ளைக் கையுறையில் கறுப்பாக ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. விஷமா, மருந்தா என்று பெரிய கலவரம். பேசவே கூடாது என்ற கூட்டத்துக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. இந்தப் பொம்மை யார் யோசனை என்று இவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

"நீ என்ன பண்ண?"

"என்ன பண்றது? மிச்சம் இருந்ததை விரல்ல தொட்டு என் கன்னத்துல வச்சிக்கிட்டேன். கண்ணு படக்கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு வச்சதுன்னு சொன்னேன்."

பின்னாலேயே வந்து நின்ற பெரியவர் அதைக் கேட்டுவிட்டாராம். தனக்கும் சின்ன வயதில் அம்மா அடுப்புக்கரியில் வைப்பாள் என்றாராம். பொம்மையைத் துடைத்துவிட்டார்களே, திரும்ப வைத்துக் கொடுங்கள் என்று கேட்டாராம். இவள் கைப்பையிலிருந்த கண்மையை எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அப்ப பொட்டாலதான் காரியம் ஆச்சா?" என்றேன் பெருமையாக.

"பொட்டாலயெல்லாம் நாடுங்க சேராதுங்க. முழு நாளும் மல்லுக்கட்டினோம், அடுத்த தடவ உக்காரலாம்னு மட்டும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா அதுக்கும் கன்னத்துல பொட்டு வச்ச அந்தம்மாவே வரணும்னு என்னையப் பெரியவரு கேட்டுட்டாரு. நீட்டிச்சிட்டாங்க."

"எந்தப் பெரியவரு?"

அவள் சிரித்துக்கொண்டே மோர் கேட்டாள்.

இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாள். ஜங்ஷனில் ரயில் வந்து நின்றதும் கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தேன். "இப்பவாவது எந்த நாடுன்னு சொல்லேன்."

"வேலை முடிஞ்சு வூட்டோட வந்ததும் சொல்றேன்."

"அது எப்ப?"

படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். "நீங்க அந்தப் பொட்ட வைக்காம இருந்திருந்தா இந்த மாசமே வந்திருப்பேன். போயிட்டு வரேங்க."

அடுத்த சூளை திறந்தபோது ஒரு குதிரை அருமையாக வந்திருந்தது. கண்மை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்காமல் இருக்க மனசு வரவில்லை.