வாய்க்காலோரத்து மஞ்சள் கரிசலாங்கண்ணி

எனக்கு எண்பத்திரண்டு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். நெல் விளைவித்ததை ஊரே சொல்லும். பூ வளர்த்ததை நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நன்னிலம் பக்கம் எங்கே திரும்பினாலும் நெல்தான். தேனீ உட்கார ஒரு பூ இருக்காது. மருந்தடிக்கத் தொடங்கிய பிறகு தட்டான்கூடக் குறைந்துபோச்சு. வாய்க்கால் கரையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி தானாகப் படர்ந்து கிடக்கும். குட்டிச் சூரியகாந்தி மாதிரிப் பூ. அதில் நாலு கொடியைக் கிள்ளி வந்து, எங்கள் குத்தகை வயலில் வாய்க்காலை ஒட்டின வரப்பில் ஊன்றினேன். கணுவுக்குக் கணு வேர்விட்டது. கோடையில் சுருங்கும், தண்ணீர் வந்ததும் அதுவே தழையும். தேனீ வந்தது, பட்டாம்பூச்சி வந்தது, பூச்சி பிடிக்கிற குளவியும் வந்தது.

நடவுக்கு முன்னால் வரப்பைப் புல்லில்லாமல் செதுக்கிச் சேறு பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். செய்யாதவனை உழவன் என்றே மதிக்க மாட்டார்கள். மூன்று பக்கம் செதுக்கினோம். நாலாவது பக்கத்தில் நான் மண்வெட்டி பட விடவில்லை.

அந்த வருஷம்தான் குத்தகைக்காரர் பேரைப் பதிய சர்க்கார் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பதிந்துவிட்டால் நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணை நினைத்தபோது எங்களை வெளியேற்ற முடியாது.

"ஏ புள்ள, அதையும் வெட்டிடுறேன். சாகுபடியே இல்லன்னு சொல்லிட்டா நடுத்தெருதான்" என்றார் வீட்டுக்காரர்.

"விடுங்க, பயிர் நிக்கிறது தெரியாமலா போயிடும்?" என்றேன். பயம் இல்லாமல் இல்லை.

அவர் பயந்தபடியே பண்ணை ஏஜெண்டு அந்த வரப்பில்தான் போய் நின்றார். "பாருங்க சார், காடா கிடக்கு. இது உழுவுறவன் வரப்பா?"

ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார். "ஏம்மா வெட்டல?"

"தேனீக்கு விட்டிருக்கேங்க."

"அப்ப குத்தகையத் தேனீ பேருல எழுதிடலாமா?" என்று ஏஜெண்டு சிரித்தார்.

பக்கத்து வயலில் களை பறித்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "ஏன் ஏஜெண்டையா, நாத்தையும் தேனீயா வந்து நட்டுச்சு? நாங்கதானே நட்டோம், இவங்க கூப்பிட்டு!" என்றாள் ஒருத்தி. ஆபீஸ்காரரே சிரித்துவிட்டார். வயலைச் சுற்றி வந்து, வீட்டுக்காரர் பேரை எழுதிக்கொண்டு போனார்.

நிலம் யாருக்கு என்று ஊரே மோதிக்கொண்டிருந்த காலம். அதில் தேனீக்கும் பாத்தியதை உண்டு என்றால் யார் காதில் ஏறும்? எனக்கு உண்டு என்றுதான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான். அடுத்த போகத்தில் வீட்டுக்காரர் மூன்று பக்கம் செதுக்கிவிட்டு, நான் சொல்லாமலே கரையேறிவிட்டார்.

எழுதினது போதும், கண்ணு. முதலிலிருந்து படி, கேட்கிறேன்.