வாயில் எட்டு ஆணி

கேட்டுவிட்டுச் சிரிக்கப் போகிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு முடியாது. இது நிஜமாக நடந்தது. 1937, ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. மத்தியானம் மூன்றே காலிலிருந்து ஐந்து ஐம்பது வரை. கோயமுத்தூரில் துரைமார் கிளப் ஒன்றில், கோல்ப் மட்டைகளை வைக்கும் அறையில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

கண்டவர் அமீர் ஹம்சா. கோட்டைமேட்டுக்காரர், தோல் வேலையில் கைதேர்ந்தவர். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய்ப் பொழப்பப் பாருங்க" என்று எழுந்து போகிற ஆள். அந்த மனுஷரே இதை மட்டும் உட்கார்ந்து கடைசிவரை சொல்வார்.

அந்த அறையில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மட்டையின் இரும்பு முகத்தை எமரித் தாள் போட்டுத் தேய்ப்பது, மரக்கம்புக்கு எண்ணெய் பூசுவது எல்லாம் கருமத்தம்பட்டி சுப்பண்ணன். துரை கை வைக்கிற பிடிக்குத் தோல் சுற்றுவது ஹம்சா. பழைய தோலை உரித்து, கம்பைச் சுரண்டி, ஒட்டிக்கொள்ளக் கீல் என்கிற தார்ப்பசை தடவி, புதுத் தோல் வாரின் தலையைக் கம்பின் நுனியில் ஒரு குட்டிப் பித்தளை ஆணியால் அடித்து, அங்கிருந்து இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு மட்டைக்கு ஒரு ஆணி. ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுப்பார்கள். வாயில் ஆணி இருக்கும்போது இரண்டு பேரும் பேச மாட்டார்கள். பேசவும் முடியாது.

பதினாலு வருஷம் ஒரே அறை. ஹம்சா வீட்டுப் பெருநாள் பிரியாணியில் முதல் தூக்குச் சட்டி சுப்பண்ணனுக்கு. சுப்பண்ணன் தோட்டத்து முதல் நிலக்கடலை ஹம்சா வீட்டுக்கு. "கூடப் பொறந்தவன் கூட இப்படி இருக்க மாட்டான்" என்று ஹம்சா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம்.

தோல் காய்ந்து வெடிக்காமலிருக்க விளக்கெண்ணெய் தடவுவார்கள். தடவிய பிடியை இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். அப்புறம் மில் வேஸ்ட் பஞ்சால் துடைத்து, சீமைச்சுண்ணாம்புத் தூள் போட்டு, மறுபடியும் பஞ்சு கறுக்காத அளவுக்குத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துரை கைக்குப் போகலாம். இது ஹம்சா வைத்திருந்த சட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஜும்மாவுக்குப் போய்விட்டால், பிடி வேலையையும் சுப்பண்ணன்தான் பார்ப்பான்.

ஜூலை 30 வெள்ளிக்கிழமை. ஆடிப்பதினெட்டு நோம்பிக்குச் சாமான் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிற அவசரத்தில் சுப்பண்ணன் ஒரு மட்டைக்கு விளக்கெண்ணெயைத் தடவினான். தொங்கவிடவில்லை. துடைக்கவில்லை. அப்படியே பைக்குள் சொருகிவிட்டுப் பஸ் ஏறினான்.

மறுநாள் காலை அந்த மட்டை ஒரு துரையின் கையிலிருந்து வழுக்கிப் பறந்தது. பத்தடி தள்ளி நின்ற ஹார்லி துரையின் நெற்றிப்பொட்டில் போய் அடித்தது. நினைவில்லாமல் ரயிலில் மதராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கிளப் செக்ரட்டரி துரை வேலைக்கு வந்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். யார் செய்தது?

சுப்பண்ணன் ஹம்சாவைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பிடி வேலை பாயிதுங்க தொரை."

அவ்வளவுதான். நாலு வார்த்தை. ஹம்சாவுக்கு நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது.  எவ்வளவு எடுத்துச் சொல்லியும் செக்ரட்டரி காதில் ஏறவில்லை. கடைசியில் ஒரே ஒரு தயவு காட்டினார். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மலைத்தோட்டத்துத் துரைமார்களோடு ஆட்டம். அதற்குள் கிளப் மட்டை அத்தனைக்கும் புதுத் தோல் சுற்றித் தயாராக இருந்தால் வேலை நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். அதோடு ஹார்லி துரை கண் விழித்து என்ன சொல்கிறாரோ, அதையும் பார்க்க வேண்டும்.

சுப்பண்ணன் அன்றே காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டான். ஹம்சா ஒற்றை ஆளாக ஐந்து நாள் உட்கார்ந்து சுற்றினார். வேலை போனால் போகட்டும். ஆனால் 'துரை மண்டையை உடைத்த கை' என்று பேர் வந்துவிட்டால், ஊரில் எவன் அந்தக் கைக்கு ஒரு செருப்பு வாரையாவது தைக்கக் கொடுப்பான்?

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு எட்டு மட்டைதான் பாக்கி. தகர டப்பாவில் ஆணியும் சரியாக எட்டு. வெளியே பேய்மழை. மூன்று மணிக்கே அறை மங்கிவிட்டது. எண்ணெயும் கீலும் இருக்கிற அறை என்பதால் விளக்கு ஏற்றக் கூடாது. ஹாலில் கடிகாரம் மூன்றேகால் அடித்தது.

கதவு கிரீச்சிட்டது.

"ஏனுங்க பாய்... இன்னும் முடியலீங்ளா?"

சுப்பண்ணன்.

ஹம்சாவுக்கு ரத்தம் கொதித்தது. கையிலிருந்த சுத்தியலை வீசியிருப்பார். எப்படியோ அடக்கிக்கொண்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த? சாப்பிட்ட சோறு உனக்குச் செரிச்சுதா?"

அவன் நேராகப் போய், தன் வழக்கமான பலகையில், முதுகைக் காட்டி உட்கார்ந்தான். எப்போதும் எதிரே உட்காருகிறவன்.

வெளியே மழை கொட்டுகிறது. குடை இல்லை. ஆனால் தோளில் போட்டிருந்த துண்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வராந்தா வழியாக வந்திருப்பான் என்று ஹம்சா நினைத்துக்கொண்டார்.

"சொல்லிப்போட்டனுங்க பாய்," என்றான் அவன்.

"என்னத்தச் சொன்ன?"

"நாந்தான் செஞ்சனுங்கிறத. பாய் மேல தப்பில்லீனு. ஒண்ணு விடாமச் சொல்லிப்போட்டனுங்க."

"செக்ரட்டரிகிட்டயா?"

"ஹார்லி தொரைகிட்டங்க. இப்பத்தான் பாத்துப்போட்டு வாரேன். நல்லாத்தான் இருக்காரு. எந்த வலியும் இல்லீங்களாமா."

ஹம்சாவின் கண்கள் நிறைந்துவிட்டன. துரை பிழைத்துக்கொண்டார்! ஊர் திரும்பிவிட்டார்! அடிபட்டவரிடமே போய்ச் சொல்லிவிட்டானே, இனி செக்ரட்டரி என்ன பேச முடியும்? ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் ஒரு நொடியில் இறங்கிவிட்டது. "அல்லா, என் சுப்பண்ணன் கெட்டவன் இல்ல" என்று முணுமுணுத்தார். சத்தியமாக அப்படித்தான் முணுமுணுத்தார் அந்த ஏமாளி.

"அந்த மட்டையக் குடுங்க. அதை நான் சுத்தறேன்," என்றான் சுப்பண்ணன்.

அந்த மட்டை. பறந்துபோய் அடித்த மட்டை. ஹம்சா அதைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். டப்பாவையும் நீட்டினார். அவன் எட்டு ஆணியையும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். பழக்கம்.

மணி மூன்றரை.

அவன் பழைய தோலை உரித்தான்... விளக்கெண்ணெய் ஊறிய தோல். பஞ்சை எடுத்து, கம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சர்... சர்... சர்...

ஹம்சா மற்ற ஏழு கம்புகளைச் சுரண்டி, கீல் தடவி, தோல் வார் வெட்டி வைத்தார். ஆணிக்குத்தான் காத்திருந்தார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நாளைக்குத்தான் போடுவாங்க."

ஹம்சா தலையை நிமிர்த்தினார்.

பதில் என்னவோ ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அவரை உலுக்கியது அதில்லை.

அவன் வாயில் எட்டு ஆணி இருக்கிறது.

பேச்சு தெளிவாக வந்தது... கணீரென்று...

பதினாலு வருஷத்தில் வாயில் ஆணியோடு அவன் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

சர்... சர்... சர்...

"சுப்பண்ணா... இப்படித் திரும்பு."

அவன் திரும்பவில்லை.

தட். ஒரு ஆணி. ஒரே அடி.

தோல் சுற்றும் சத்தம்.

மணி ஐந்து ஐம்பது.

எழுந்தான். மட்டையைப் பலகை மேல் வைத்தான்.

"வாரனுங்க பாய். ஊட்டுல காத்துட்டிருக்காங்க."

"டேய்! மிச்ச ஆணி..."

கதவு கிரீச்சிட்டது.

ஹம்சா வராந்தாவுக்கு ஓடினார். ஒரு பக்கமும் ஆள் இல்லை. மழைதான்.

திரும்பி வந்து கீழே கிடந்த பஞ்சை எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் எண்ணெய்க் கம்பைத் துடைத்த பஞ்சு.

வெள்ளை வெளேரென்று இருந்தது.

பயந்து பஞ்சைக் கீழே எறிந்தார். ஆனால் பாருங்கள், சந்தோஷம் வந்த மனுஷனிடம் பயம் ரொம்ப நேரம் நிற்காது. "மழை இருட்டு, கண்ணு சரியாத் தெரியல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழையோடு மழையாகக் கடைவீதிக்கு ஓடினால் ஆணி கிடைத்திருக்கும். அவர் ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்? அதுதான் ஹார்லி துரையிடம் சொல்லியாகிவிட்டதே! ஏழு மட்டையையும் காலையில் அடித்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்ப் பெண்சாதி உம்மல் குல்சுமிடம் "சுப்பண்ணன் மனசு மாறிட்டான்" என்று சொல்லி, ஐந்து நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினார்.

காலையில் ஆணிக் கடை திறக்க எட்டு மணி ஆயிற்று. கிளப்புக்குள் நுழையும்போது எட்டு இருபது. ஏழு மட்டை மொட்டைக் கம்பாகக் கிடக்க, செக்ரட்டரி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஹார்லி தொரையக் கேளுங்க தொரை," என்றார் ஹம்சா தைரியமாக. "சுப்பண்ணன் அவருகிட்ட எல்லாஞ் சொல்லிட்டான்."

செக்ரட்டரி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்தில் நின்ற பட்லர் தம்பிதுரை மெதுவாக ஹம்சாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன பாய் ஒளர்றீங்க? ஹார்லி தொரை கண்ணே முழிக்கலீங்க. நேத்து மத்தியானம் பன்னெண்டு பத்துக்கு மதராஸ் ஆஸ்பத்திரியிலயே உசுரு போயிருச்சு. ராத்திரி தந்தி வந்துச்சு."

ஹம்சா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எழுப்பி வெளியே அனுப்பினார்கள். பதினாலு வருஷம் வேலை பார்த்த இடம்.

கேட்டைத் தாண்டியதும் அவருக்கு வந்தது பயம் இல்லை, கோபம். வயிற்றெரிச்சல். ஒரு தடவை காட்டிக்கொடுத்தது போதாதென்று, தேடி வந்து, உட்கார்ந்து, வாய் கூசாமல் பொய் சொல்லி, கெடு தவறும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறானே! சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து செக்ரட்டரி முன்னால் நிறுத்துகிறேன் என்று அவிநாசி பஸ்ஸில் ஏறினார்.

கருமத்தம்பட்டியில் இறங்கும்போது பதினொன்று இருபது. தெரு முனையிலேயே பறைச் சத்தம் கேட்டது.

சுப்பண்ணன் வீட்டு வாசலில் பந்தல்.

கட்டிலில் அவன் கிடந்தான். தோளில் அதே துண்டு.

"எப்ப?" என்று கேட்டார் ஹம்சா.  

சுப்பண்ணனின் பெண்சாதி மயிலாத்தாள் நிமிர்ந்தாள். "நேத்து மத்தியானம் பன்னெண்டரைக்குங்க பாய். அஞ்சு நாளாப் பச்சத்தண்ணி எறங்கல. உங்க பேரச் சொல்லிச் சொல்லி அழுதாருங்க. 'பாய்கிட்டப் போயிச் சொல்லிப்போடோணும்'னு எந்திரிச்சு எந்திரிச்சு உழுந்தாருங்க. நாந்தான்... வாசப்படி தாண்ட உடலீங்க."

பன்னிரண்டு பத்து. பன்னிரண்டரை. மூன்றேகால்.

'இப்பத்தான் பாத்துப்போட்டு வாரேன்.'

அவன் பொய் சொல்லவில்லை. சொன்னது சொன்னதுதான்... சொன்ன இடம்தான்...

வாய்க்கரிசி போடுகிற நேரம். பெரியவர் ஒருவர் தாடைக்கட்டைத் தளர்த்தினார். வாய் மெல்லத் திறந்தது. மயிலாத்தாள் அரிசியோடு குனிந்தாள். "ஐயோ" என்று பின்னால் விழுந்தாள்.

நாக்குக்கு அடியில் மஞ்சளாக என்னவோ மின்னியது. பெரியவர் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தார்.

டக்... டக்... டக்...

குட்டிப் பித்தளை ஆணிகள்.

ஏழு.

"இது ஏதுங்க? நேத்துக் குளிப்பாட்டயில வாயத் தொடச்சனே, ஒண்ணுமில்லீங்களே!" என்று அவள் கத்தினாள்.  

பெரியவர் ஹம்சாவின் கையில் ஒரு பிடி அரிசியைக் கொடுத்தார். "நீங்களும் போடுங்க பாய். உங்க மேல உசுரா இருந்தவனுங்க."

ஹம்சா அந்த வாயையே பார்த்தார். செக்ரட்டரி முன்னால் உண்மை சொல்லாத வாய். உண்மையைச் சொல்ல, செத்துப் போன துரையைத் தேடிப் போன வாய். இனி ஹம்சாவின் கை சுத்தமான கை என்று சொல்ல, உலகத்தில் உயிரோடு ஒருத்தரும் இல்லை.

அரிசியை இறுக்கிப் பிடித்த கை கட்டில் வரைக்கும் போயிற்று. விரல்கள் கடைசிவரை திறக்கவே இல்லை. அப்படியே பஸ் ஏறிக் கோட்டைமேடு வந்து, உம்மல் குல்சும் கேட்டபோது கையை விரித்துப் பார்த்தால், அரிசியெல்லாம் விளக்கெண்ணெயில் நனைந்திருந்தது.