குளிர் தண்ணீருக்கு ஒரு ரெகுலேட்டர்

பனியன் துணியை விரலில் தேய்த்தே அது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, அதன் ஜி.எஸ்.எம் சொல்லிவிடுவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நான்கு பனியன் யூனிட் கட்டியது இந்த விரலை நம்பித்தான்.

அந்தமானில் கடலுக்குள் மூழ்கி நீந்தப் பழகிய என் மகள், வேலைக்காக நார்வே போகிறாள். அங்கேயும் மூழ்குவாளாம். தண்ணீருக்குள் மூச்சுக்காற்று கொடுக்கும் ரெகுலேட்டர் வாங்க, சென்னையில் ஒரு கடைக்கு அவளோடு போனேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "சார், நம்ம கடலுக்கு இது போதும். ஆனா ஐஸ் தண்ணியில இது உள்ள உறைஞ்சு, காத்து நிக்காம கொட்டிடும். சிலிண்டர் சீக்கிரம் காலியாயிடும். இன்னொண்ணு தண்ணி உள்ள போகாம சீல் பண்ணது. நம்ம கடல், ஐஸ் தண்ணி ரெண்டுக்கும் ஆகும்."

தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைக்காரர் சிலிண்டரில் மாட்டித் தர, வாயில் வைத்து இழுத்தேன். இரண்டிலும் காற்று ஒரே மாதிரிதான் வந்தது. புதுத் துணி வந்தால் துண்டு வெட்டி நனைத்துச் சுருக்கம் பார்ப்பது எங்கள் வழக்கம். "ஒரு பக்கெட் ஐஸ் கொண்டாங்க, முக்கிப் பாத்தரலாம்" என்றேன்.

"ஏனுங்கப்பா, இதென்ன பனியனுங்களா?" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சீல் பண்ணது உறையவே உறையாதுங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"வாய்ப்பு கம்மி சார். வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணும். குளிர்ல மூழ்கத் தனியா பயிற்சி எடுக்கணும்."

கம்மி என்பது எனக்குப் போதவில்லை. அதற்கு மேல் என்ன கேட்பதென்றும் தெரியவில்லை. மகளே சீல் செய்ததை எடுத்து வாயில் வைத்து மூச்சு விட்டுப் பார்த்தாள்.

"இது பத்துமா கண்ணு, போதுமா?" என்றேன்.

வாயில் அது இருந்ததால் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.